வறுத்த மண்

ஏழு பத்துக்குப் போன் வந்தது. காரமடையிலிருந்து மோகன், வீட்டுக்காரருடைய அண்ணன் மகன். அப்பா விடிகாலை அஞ்சு மணிக்குப் போயிட்டார் சின்னம்மா, தூக்கத்திலேயே, என்றான். அழுது முடித்த குரல். ரெண்டு மணிக்கு எடுக்கறோம், சித்தப்பாவை எப்படியாவது கூட்டிக்கிட்டு வந்துருங்க, கடைசியா ஒரு தரம் முகம் பார்த்துக்கட்டும் என்றான். சரி தம்பி, சரி தம்பி என்று வசந்தாமணி இரண்டு தரம் சொன்னாள். வைத்த பிறகு அடுப்பில் இட்லிப் பானை கொதிப்பது மட்டும் கேட்டது. உள்ளே கட்டிலிலிருந்து கிட்டுசாமி, "ஆ...ரு?" என்றார். வாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்து பதினாலு மாதமாகிறது. வாதம் மிச்சம் வைத்துவிட்டுப் போன சொற்களில் அதுவும் ஒன்று. "ராங் நம்பருங்க," என்றாள். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, மனசு பின்னாலேயே ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்ட பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது. அவர் அண்ணன் செத்துக் கிடக்கிறார், அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மறுபடி ஒரு தரம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. போனைச் சத்தம் வராமல் செய்து அரிசி டின்னுக்குள் புதைத்து மூடினாள். அவருக்கு மூன்று இட்லியும் ஒரு அவித்த முட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பிறகு பின்வாசலுக்குப் போய் மண் வறுக்க உட்கார்ந்தாள்.

கோத்தகிரிக்குக் கீழே இந்தச் சரிவில் தை மாதத்தில் காய்ந்த மண் என்று ஒன்று கிடையாது. விடிகாலையில் பனி கொட்டிப் புல் வெள்ளையாகக் கிடக்கும், எட்டு மணிக்கு அது உருகித் தண்ணீராகும், பதினொன்றரைக்கு மேல் எங்கிருந்தாவது மூடுபனி ஏறி வந்து அந்தத் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ளும். கோழி குளிப்பது தண்ணீரில் இல்லை, புழுதியில். புழுதி கிடைக்காத கோழிக்குச் செள்ளு ஏறும். இறக்கைக்கு அடியில், பின்பக்கம், மயிர்க்கால் மயிர்க்காலாக உட்கார்ந்து இரத்தம் உறிஞ்சும். கொண்டை வெளுத்துப் போய் நிற்கும், முட்டை நின்றுவிடும். அதனால் வசந்தாமணி சித்திரையிலேயே செம்மண் சலித்து இரண்டு சாக்கில் கட்டி விறகுக் கொட்டகையில் ஏற்றிவிடுவாள். அப்படியும் அது மழைக்கு நமுத்துப் போகும். வாரத்துக்கு ஒரு தரம் பழைய தகரத் தட்டைப் பின்வாசல் அடுப்பில் வைத்து, அந்த மண்ணை வறுத்து ஈரம் போக்கி, ஆறின விறகுச் சாம்பலைச் சலித்துக் கலந்து, ஒரு கை வேப்பிலைத் தூளும் போட்டு, லாரி டயருக்குள் கொட்டி வைப்பாள். வேப்பமரம் இந்தக் குளிரில் வராது. இலை கீழேயிருந்து, புளியம்பட்டியிலிருந்து வர வேண்டும். அம்மா இருந்தவரை உருவிக் காயப்போட்டு மூட்டை கட்டிக் கொடுத்தனுப்புவாள். மலையில உங்கோழிக்கு மருந்து வேணுமே என்பாள். அம்மா என்ற இடத்துக்கு வந்ததும் கரண்டி நின்றது. மண்ணிலிருந்து ஆவி எழுந்தது, முதல் மழை விழுந்த காட்டு வாசனை. கருகிவிடுமே என்று மறுபடி கிளறினாள். மண் எப்படிக் கருகும். மண்ணுக்கு என்ன. வேகவும் வேகாது, கருகவும் கருகாது, சூடு மட்டும் ஏறும், உள்ளேயே வைத்துக்கொள்ளும், மேலே தொட்டால் ஆறினது மாதிரி இருக்கும், கையை உள்ளே விட்டால்தான் தெரியும். உள்ளேயிருந்து தட்டு நகரும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். மூன்று இட்லியும் போயிருந்தது. இடது கையால் முட்டையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தார், மஞ்சள் உதட்டோரம் ஒட்டியிருந்தது. இன்னொன்று என்று விரலைக் காட்டினார். பிணம் எடுக்கும் வரை பங்காளி வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். இவர் இட்லி தின்றுவிட்டு இன்னொன்று கேட்கிறார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கண் துடிக்கிறதா, நெஞ்சுக்குள் ஏதாவது பிசைகிறதா, கூடப் பிறந்த உடம்பு அங்கே சில்லிட்டுக் கிடக்கும்போது இந்த உடம்புக்கு ஒரு சொல்லாவது எட்டுகிறதா. ஒன்றும் இல்லை. முட்டை நன்றாக வெந்திருந்தது போல. இன்னொரு இட்லி கொண்டுவந்து வைத்தாள்.

அவளுக்கும் அன்றைக்கு ஒன்றும் எட்டவில்லை. அதுதான் இருபத்தொரு வருசமாக அறுக்கிற ரம்பம். எட்டியிருந்தால், ஒரு பால் திரிந்திருந்தால், ஒரு கால் இடறியிருந்தால், பிறகாவது சொல்லிக்கொண்டிருக்கலாம், எனக்கு அப்பவே என்னமோ செஞ்சுது என்று. ஒன்றும் செய்யவில்லை. ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காரமடையில் மூத்தார், இப்போது செத்துக் கிடக்கிற நஞ்சப்பன், கட்டின புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் விசேஷம். வியாழக்கிழமை மத்தியானமே புளியம்பட்டியிலிருந்து தேயிலை பாக்டரி ஆபீஸுக்குப் போன் வந்துவிட்டது. அப்போது வீட்டில் போன் ஏது, கிட்டுசாமி அங்கே மேஸ்திரி, அவரைக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள், உங்க மாமியார் தவறிட்டாங்க, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க என்று. அவர் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கிளம்பு புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அவள் பச்சைப் பட்டை எடுத்துக்கொண்டு, ஏழு வயசு சுகந்திக்கு ரெட்டைச் சடை பின்னி, காரமடைக்குப் போனாள். காரமடைக்கும் புளியம்பட்டிக்கும் எவ்வளவு தூரம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி. வியாழன் இரவு முழுக்கத் தேங்காய் துருவினாள். வெள்ளிக்கிழமை காலையில் புது வீட்டுக்குள் மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே கன்றுக்குட்டியும் வந்தது, வந்த கன்று நேராக ஐயரின் தோளில் கிடந்த துண்டைக் கவ்வியது. மந்திரத்தையும் விட முடியாமல் துண்டையும் விட முடியாமல் அவர் சொல்லிக்கொண்டே இழுத்தார். கன்று ஒரு பக்கம் இழுத்தது. வசந்தாமணி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவள்தான் அதிகம் சிரித்தாள், தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்க. போட்டோக்காரன் அதைப் பிடித்தான். நஞ்சப்பன் வீட்டு ஆல்பத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது, பச்சைப் பட்டுக்காரி வாயைத் திறந்து சிரிக்கிறாள், மூலையில் சிவப்பு எழுத்தில் நேரம், பதினொன்று நாற்பது. அதே நேரத்துக்குப் புளியம்பட்டியில் அம்மாவை வாசலில் போட்டு, மக வந்துருவா, மக வந்துருவா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வரை பார்த்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மலையேறி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிட்டுசாமி சொன்னார். உங்கம்மா வியாழக்கிழமையே போயிருச்சு புள்ள, சொன்னா விசேஷம் கெட்டுப் போயிருக்கும் என்றார். சொல்லிவிட்டு, வெந்நீர் வை என்றார். அவள் வெந்நீர் வைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசும், வெந்நீர் வைத்தேனே என்று. அவரைக் குளிக்க விட்டுவிட்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை புளியம்பட்டிக்குப் போனபோது தம்பி சாமியப்பன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். விருந்தெல்லாம் முடிஞ்சுதா அக்கா, என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. எனக்குத் தெரியாதுடா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் புருசனை விட்டுக் கொடுத்ததாகும் என்று அன்றைக்கு ஒரு புத்தி. அந்தப் புத்தியை இன்று இந்தத் தகரத் தட்டில் போட்டு வறுக்க வேண்டும். மண் பொலபொலவென்று ஆகிவிட்டது, அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி வழிந்தது. டயருக்குள் கொட்டினாள். சாம்பலைச் சலித்தாள். சாம்பலில் கங்கு இருந்துவிடக் கூடாது, கோழியின் வயிறு வெந்துவிடும், உள்ளங்கையை அடிவரை விட்டுத் துழாவினாள். மூத்தாருக்குத் தெரிந்திருக்குமா. இது ஒரு முள், எப்போதும் இதே இடத்தில் குத்தும். அன்றைக்குப் பந்தியில் நஞ்சப்பனே வந்து அவள் இலையில் இன்னொரு லட்டு வைத்தார், நல்லாச் சாப்பிடு மணி என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வெட்கப்பட்டுப் பார்க்கவில்லையா, தெரிந்து பார்க்கவில்லையா. கேட்டிருக்கலாம். எத்தனை பொங்கலுக்கு வந்தார், எத்தனை தரம் இந்த வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். கேட்கவில்லை. இனி கேட்க ஆளில்லை. தெரிந்திருந்தது என்றால் இன்று நான் செய்வதில் பாதி அவருக்கும் சேர்ந்தது, அவர் தம்பி வராமலே அவர் போகட்டும். தெரியாமல் இருந்திருந்தால்? தெரியாமல் இருந்திருந்தால் பாவம் அந்த மனுசன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். செத்தவர் எதைப் பார்ப்பார். அம்மா பார்த்தாளே. பார்த்தாள் என்று யார் சொன்னது. எல்லோரும் சொன்னார்கள், கண்ணு மூடவே இல்லை, உனக்காகத் திறந்தே இருந்துச்சு என்று அத்தனை பெண்களும் ஒப்பாரியில் வைத்துச் சொன்னார்கள்.

மணி ஒன்பதே முக்கால். சவுக்கு வரிசைக்கு மேலே ஏறி வெயில் பின்வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் வெயில், அதுவும் பதினொன்றரை வரைதான். அதில் டயரைப் போட்டால் சக்கர நாற்காலிக்கு இடமில்லை, நாற்காலியைப் போட்டால் டயருக்கு இடமில்லை. கை கால் விறைக்காமல் இருக்க வெயிலில் உட்காரவையுங்கள் என்று பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். திருப்பூரிலிருந்து சுகந்தி தினமும் கேட்பாள், அப்பாவை வெயில்ல வெச்சியாம்மா. வெச்சேன் கண்ணு. வைத்தாள்தான், கோழிகளெல்லாம் குளித்து எழுந்த பிறகு, கடைசிக் கால் மணி நேரம், மூடுபனி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். அவர் கேட்டதில்லை. கேட்கத்தான் சொல் இல்லையே. ஜன்னல் வழியாகப் பார்ப்பார், கோழிகள் வெயிலில் கிடப்பதை. ஆனால் அது சின்னச் சாமான். இன்றைக்குக் கிடைத்திருப்பது பெரிது. பதினொன்றரைக்குள் கிளம்பினால்தான் ரெண்டு மணிக்குள் காரமடை. கிளம்பாவிட்டால் போதும், அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், இப்படியே சாம்பல் சலித்துக்கொண்டிருந்தால் போதும், மற்றதை வெயில் நகர்ந்து நகர்ந்து செய்துவிடும். சாயங்காலம் சொல்லலாம். இல்லை, சனிக்கிழமை சொல்லலாம். இன்று வியாழன், நாளை ஒரு நாள் கழித்து. ஒரு கணம் அவளுக்கே பயமாக இருந்தது. கிழமைகூட அப்படியே வந்து நிற்கிறதே. கேட்டதும் அவர் நெஞ்சடைத்துப் போய்விட்டால். போனால் போகட்டும் என்று நினைத்தாள், நினைத்ததும் தாலி கழுத்தில் சில்லென்று பட்டது. போனால் பிறகு யாரைப் பார்த்துக் கோபப்படுவது. காலையில் எழுந்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் கோபத்தைத்தான், இருக்கிறதா என்று. ஆனால் கணக்கு இன்னும் நேராகவில்லை. அவருக்குத் தெரியாமல் இருப்பது மட்டும் போதாது. இட்லி தின்றது போதாது. அவள் அன்றைக்குச் சிரித்தாள். அவர் சிரிக்க வேண்டும். தூணைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க. படுத்ததிலிருந்து அவர் ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை, பேரன் வந்து குட்டிக்கரணம் போட்டபோதுகூட. கை சாம்பலோடு அப்படியே நின்றது. பிறகு எழுந்து கைகழுவினாள்.

டயரைக் கொஞ்சம் தள்ளி, நாற்காலிக்கும் அதே வெயிலில் இடம் பண்ணினாள். முயன்றால் இரண்டுக்கும் இடம் இருக்கத்தான் செய்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, நிலைப்படியில் பலகை போட்டு உருட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை சீக்கிரமாக வெயிலா என்று அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கம்பளியைக் கால்மேல் போர்த்திவிட்டாள். கோழிக்கூட்டைத் திறந்தாள். ஒன்பது பெட்டையும் ஒரு செவலைச் சேவலும் குளிரில் மயிர் சிலிர்த்துக்கொண்டு வந்தன. முதலில் வந்தது கழுத்தறுத்தான், கழுத்தில் மயிரில்லாத கிழட்டுப் பெட்டை. டயரின் விளிம்பில் ஏறி, வறுத்த மண்ணின் சூட்டை ஒரு காலால் தொட்டுப் பார்த்தது, நம்பமுடியாமல் மறு காலையும் வைத்தது, அப்படியே சரிந்தது. பிறகு மற்றவையும் விழுந்தன. கோழி புழுதி குளிப்பதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கோழிக்கு வலிப்பு என்று நினைப்பார்கள். பக்கவாட்டில் சாயும், ஒரு காலை வானத்துக்கு நீட்டும், ஒரு கண்ணை மூடும், இறக்கையால் மண்ணை வாரி வாரி மேலே போட்டுக்கொள்ளும், பிறகு செத்தது போல அசையாமல் கிடக்கும். சேவலுக்கு இடமில்லை. டயரைச் சுற்றிச் சுற்றி வந்தான், கழுத்தை நீட்டி ஒரு அதட்டல் போட்டான், ஒருத்தியும் கண் திறக்கவில்லை. கடைசியில் கம்பீரமாக ஏறி நடுவில் காலை வைத்தான். வைத்த இடம் கழுத்தறுத்தானின் வயிறு. அந்தக் கிழட்டுப் பெட்டை எழுந்து ஒரு உதறு உதறினாள். ஒரு வாரத்துச் சாம்பலும் செம்மண்ணும் சேவலின் முகத்தில். சேவல் தும்மினான். கோழி தும்மும் என்பதே பல பேருக்குத் தெரியாது. மறுபடி தும்மினான், மூன்றாவது தும்மலில் கால் வழுக்கி டயருக்கு வெளியே மல்லாந்து விழுந்தான்.

முதலில் அது என்ன சத்தம் என்று வசந்தாமணிக்குத் தெரியவில்லை. தண்ணீர் வராத அடிபம்பை யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள். கிட்டுசாமி சிரித்துக்கொண்டிருந்தார். இடது பாதி முகம் மேலே போய் மடிந்து, கண் இடுங்கி, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வலது பாதி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையால் நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சேவலைக் காட்ட விரலைத் தூக்கி, தூக்க முடியாமல் மறுபடி சிரித்தார். அவள் எண்ணியது அச்சாக அப்படியே நடந்தது, தூண் ஒன்றுதான் இல்லை. இவ்வளவுதான், இனி சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரிசமம். மணி பத்தே முக்கால். ஆனால் முடியவில்லை. தெரிந்ததும் அந்த முகம் என்ன ஆகும் என்று பார்க்காமல் அவளால் இன்னும் ஒரு நிமிசம் இருக்க முடியவில்லை. பசித்தவள் சோறு வேகும் முன்பே பானைக்குள் கையை விடுவது போலத்தான் அது. பின்னால் ஊரில் நாலு பேர் அதை இரக்கம் என்று சொன்னார்கள், அவள் மறுத்துச் சொல்லப் போகவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"காலையில வந்தது ராங் நம்பர் இல்லீங்க. உங்கண்ணன் போயிட்டாரு. விடிகாலையிலயே போயிட்டாரு."

சிரிப்பு உடனே போகவில்லை. இடது கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் சேவலைப் பார்த்தார். அது எழுந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருபத்தொரு வருசமாகத் தயாராக இருந்தது. அவர் உதடு வெகுநேரம் அந்தச் சொல்லைத் தேடியது.

"சிரி...ச்சேனே... புள்ள," என்றார்.

வைத்திருந்த வாக்கியம் அவளுக்கு மறந்து போயிற்று. பால் காய்ச்சின அன்று தான் சிரித்ததைப் பற்றி அவள் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார், அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார், பார்த்திருக்கிறார், இத்தனை வருசம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதை நினைத்து இளகவில்லை அவள். அப்போதே பார்த்தாயே, பார்த்துக்கொண்டே நின்றாயே என்று புதிதாக ஒரு சூடுதான் ஏறியது. "ஆமாங்க. சிரிச்சீங்க," என்றாள். "ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. இப்பக் கிளம்பினா முகம் பார்க்கலாம். எனக்கு நீங்க அந்த நேரத்தைக் கொடுக்கல," என்றாள். குரல் உயரவில்லை. அவர் இடது கையை நீட்டினார், அவளைத் தொடுவதற்கா, எழுந்திருப்பதற்கா என்று தெரியவில்லை, பாதியில் நின்றது. "போ...லாமா?" என்றார். முப்பது வருசத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உத்தரவு அது. அவள் உள்ளே போனாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டாள், போனில் பதினோரு தவறிய அழைப்பு. மேல் வளைவில் ஜீப் வைத்திருக்கும் ஆல்வினைக் கூப்பிட்டாள்.

வெள்ளைச் சட்டையை அவருக்கு மாட்டி, செத்த கையை முதலில் நுழைத்து, பட்டன் போட்டுவிட்டாள். ஆல்வின் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். பதினொன்றே காலுக்கு ஜீப் கிளம்பியது. அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார், துடைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவளும் துடைக்கவில்லை. குஞ்சப்பனைக்குக் கீழே வளைவுகள் தொடங்கின. வலது பக்கத்துக்குப் பிடிப்பில்லாததால் ஒவ்வொரு வளைவிலும் அவர் அவள் தோளில் சாய்ந்தார். ஒவ்வொரு தரமும் அவள் இரண்டு கையாலும் பிடித்து அவரை நேராக நிமிர்த்தி வைத்தாள். "விடுங்கம்மா, சாஞ்சுக்கிட்டே வரட்டும், பாவம்," என்று ஆல்வின் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான். கீழே இறங்க இறங்கக் காற்று சூடாகி, காதடைத்துத் திறந்தது. அடுத்த வளைவு வந்தது. அவர் சாய்ந்தார். அவள் நிமிர்த்தினாள்.